ஹார்லி கட்சி தாவினாரா?

கேள்வி இது: முன்னூறு ஆண்டுக்கு முந்தைய இங்கிலாந்து அரசியல்வாதி ராபர்ட் ஹார்லி விக் குடும்பத்தில் பிறந்தவர், விக் ஆகவே நாடாளுமன்றத்துக்குப் போனவர். ஆனால் 1710-ல் டோரி அரசுக்குத் தலைமை ஏற்கிறார். நடுவில் எப்போது கட்சி தாவினார்? பத்து ஆண்டுப் போரை நிறுத்திச் சமாதானம் கொண்டுவந்தவர், ஆட்சி மாறியதும் ஏன் லண்டன் கோபுரத்தில் அடைபட்டார்?

இரண்டாவது கேள்விக்கு நேராகப் போய்விடலாம்தான். ஆனால் முதல் கேள்வியில் இருக்கும் 'தாவினார்' என்ற சொல்லைச் சரிசெய்யாவிட்டால் இரண்டாவதும் புரியாது. நம் காதில் கட்சித் தாவல் என்றதும் உறுப்பினர் அட்டை, சின்னம், கொறடா உத்தரவு எல்லாம் வந்து நிற்கும். 1690-களின் இங்கிலாந்தில் இவை எதுவும் கிடையாது. விக், டோரி என்ற பெயர்கள் இருந்தன, பகையும் இருந்தது. பொதுவாக விக்குகள் நாடாளுமன்ற அதிகாரத்தின் பக்கம், டோரிகள் அரசர், ஆங்கிலத் திருச்சபை ஆகியவற்றின் பக்கம். ஆனால் யாரும் யாரிடமும் சந்தா கட்டிச் சேரவில்லை. அதோடு, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடும் ஓடியது. அரசவையிடம் பதவியும் சம்பளமும் வாங்கிக்கொண்டு அமைச்சர்களுக்கு வாக்களிப்பவர்கள் ஒரு பக்கம். தன் ஊர் நிலத்தின் வருமானத்தில் வாழ்ந்துகொண்டு, 'எங்கள் வரிப்பணம் எங்கே போகிறது?' என்று கேட்பவர்கள் மறுபக்கம். முதல் வகையை அரசவைக் கட்சி என்றும், இரண்டாவதை நாட்டுப்புறக் கட்சி என்றும் சொல்வார்கள். இரண்டிலும் விக்குகள் உண்டு, டோரிகளும் உண்டு. ஹார்லியின் கதை இந்த இரண்டாவது கோட்டில்தான் நடக்கிறது.

ஹார்லி 1661 டிசம்பர் 5 அன்று லண்டனில், கோவன்ட் கார்டன் பகுதியின் போ தெருவில் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்டுஷயரில் உள்ள பிராம்ப்டன் பிரையன். பியூரிட்டன் குடும்பம், அதாவது கண்டிப்பான புராட்டஸ்டன்டுகள். உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றவர்கள். 1643-ல் அரசர் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது, கணவர் ஊரில் இல்லாத நேரத்தில் கோட்டையைக் காத்து நின்றவர் பிரிலியானா ஹார்லி. அவர் நம்மவரின் பாட்டி. பேரன் படித்தது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஷில்டன் என்ற சிற்றூரில், ஆங்கிலத் திருச்சபையோடு ஒத்துப்போகாத ஒரு குரு நடத்திய சின்னப் பள்ளியில். அங்கே கூடப் படித்தவர்களில் ஒருவர் சைமன் ஹார்கோர்ட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவார்.

1688-ல் டச்சுத் தலைவரான ஆரஞ்சு வில்லியம் இங்கிலாந்தின் அரியணையைப் பிடிக்கப் படையோடு வந்து இறங்கியபோது, தந்தை எட்வர்டும் ராபர்ட்டும் குதிரைப்படை திரட்டி வூஸ்டர் நகரை அவருக்காகக் கைப்பற்றினார்கள். மறு ஆண்டு கார்ன்வாலின் ட்ரெகோனி தொகுதியிலிருந்து ராபர்ட் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். 1690-லிருந்து பிரபு ஆகும்வரை, அதாவது 1711 வரை, வேல்ஸின் நியூ ராட்னர்தான் அவர் தொகுதி. இதுவரை பார்த்தால் அப்பழுக்கற்ற விக்.

அப்புறம் 1690 டிசம்பரில் பொதுக் கணக்கு ஆணையத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். என் கணக்கில் ஹார்லியின் அரசியல் வாழ்க்கை இங்கேதான் தொடங்குகிறது. பிரான்சோடு நடந்த போருக்கு வாக்களித்த பணத்தை அமைச்சர்கள் எப்படிச் செலவிட்டார்கள் என்று பார்ப்பது ஆணையத்தின் வேலை. கட்டுக்கட்டான ரசீதுகளைப் பொறுமையாகப் படிக்கிற ஆள்கள் எந்தச் சபையிலும் குறைவு. ஹார்லி படித்தார். சபை நடைமுறையையும் பழைய தீர்ப்புகளையும் பதிவேடுகளையும் கரைத்துக் குடித்தார். மேடைப் பேச்சு அவருக்கு வராது. பேச்சு குழப்பமாக இருக்கும், வாக்கியம் எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடியும் என்று நண்பர்களே புலம்பியிருக்கிறார்கள். ஆனால் எண்களும் முன்னுதாரணங்களும் கையில் இருக்கும் மனிதனை எதிர்த்துப் பேச மற்றவர்களுக்குத் துணிவு வராது.

அந்த ஆணையத்தில் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களில் டோரிகளும் இருந்தார்கள். இதற்கிடையில் ஜுன்டோ என்று அழைக்கப்பட்ட விக் தலைவர்கள், அதாவது சாமர்ஸ், மான்டேகு, வார்ட்டன், ரஸ்ஸல் ஆகியோர், வில்லியம் அரசரின் அமைச்சர்களாகி அரசவைப் பக்கம் போய்விட்டார்கள். போர், கடன், புதிய இங்கிலாந்து வங்கி எல்லாம் அவர்கள் கையில். ஹார்லியும் அவர் மனைவி வழி உறவினர் பால் ஃபோலியும் எதிர்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டும் என்ற 1694-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஹார்லிக்கு முக்கியப் பங்கு உண்டு. அது விக் கொள்கையா, டோரி கொள்கையா? பழைய விக் கொள்கை. அதை ஆதரித்து வாக்களித்தவர்களில் ஏராளமான டோரிகள். ஆக, ஹார்லி நின்ற இடத்திலேயே நின்றார், சுற்றியிருந்த கூட்டம்தான் மாறியது என்று இந்தக் கட்டம்வரை சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்வேன்.

இந்தக் காலத்தில் அவர் தொட்டதெல்லாம் துலங்கவில்லை. இங்கிலாந்து வங்கிக்குப் போட்டியாக 1696-ல் நில வங்கி ஒன்றைத் தொடங்கும் முயற்சியில் இறங்கினார். நிலவுடைமையாளர்களின் பணத்தைத் திரட்டி அரசுக்கு 25 லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் தருவது திட்டம். வந்து சேர்ந்தது சில ஆயிரம் பவுண்டு. அதிலும் 5,000 அரசரே போட்டது. கிராமத்துப் பெருநிலக்காரர்களுக்கு வாய் இருந்த அளவுக்குக் கையில் ரொக்கம் இல்லை. இந்த அவமானம் ஹார்லிக்கு நல்ல பாடம். பின்னாளில் கடன் திரட்டும்போது அவர் வேறு வழியில் போனார்.

படைக் குறைப்பில் மட்டும் முழு வெற்றி. 1697-ல் ரிஸ்விக் உடன்படிக்கையோடு போர் முடிந்ததும், படையைக் கலைக்கச் சொல்லி டிசம்பரிலேயே தீர்மானம் கொண்டுவந்தார். அமைதிக் காலத்தில் அரசர் கையில் நிலையான படை இருந்தால் சுதந்திரம் போய்விடும் என்பது வாதம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் 7,000 பேர் போதும், அவர்களும் உள்நாட்டில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்று சபை முடிவெடுத்தது. வில்லியமின் டச்சுக் காவல்படை ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அரசர் மனம் நொந்து, பதவி விலகும் உரையைக்கூட எழுதி வைத்தார். கடைசியில் அதைப் படிக்கவில்லை. இரண்டு ஆண்டுக்குள் ஸ்பானிய அரியணைக்காக மறுபடி போர் மேகம் சூழ்ந்தபோது, இங்கிலாந்திடம் போதிய படை இல்லை. ஹார்லியைப் பாராட்டுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்பது என் கருத்து.

1701 பிப்ரவரியில் சபாநாயகர். அன்றைய சபாநாயகர் நடுநிலையாளர் கிடையாது. சபையை வழிநடத்தும் அரசியல்வாதி அவர். ஆண்டு இறுதியில் புதிய நாடாளுமன்றம் கூடியபோது, அரசர் விரும்பிய வேட்பாளரை நான்கே வாக்கு வித்தியாசத்தில் வென்று மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சபாநாயகராக இருந்த 1701-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டும் பின்னால் அவர் தலைமேலேயே வந்து விழுந்தன.

முதலாவது, அரியணை வாரிசுச் சட்டம். இளவரசி ஆனுக்குப் பிழைத்திருந்த ஒரே மகன் 1700-ல் இறந்துபோனதால், ஆனுக்குப் பிறகு அரியணை ஹனோவரின் சோஃபியாவுக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்று முடிவானது. கூடவே, வரப்போகும் வெளிநாட்டு அரசரின் கையைக் கட்டும் நிபந்தனைகள் அடுக்கப்பட்டன. இரண்டாவது, ஸ்பானியப் பேரரசைப் பங்கிட ரகசிய உடன்படிக்கை செய்தார்கள் என்று சாமர்ஸ் முதலான விக் தலைவர்கள்மேல் காமன்ஸ் சபை குற்றம் சாட்டி, மேலவையான பிரபுக்கள் சபையில் விசாரணைக்கு அனுப்பியது. விசாரணை முறை பற்றி இரண்டு சபைகளும் சண்டை போட்டுக்கொண்டன. வழக்கு நாளன்று காமன்ஸ் தரப்பு வரவே இல்லை. பிரபுக்கள் அவர்களை விடுவித்துவிட்டார்கள்.

1702-ல் வில்லியம் இறந்து ஆன் அரசியானார். ஸ்பானிய அரியணைக்காகப் பிரான்சோடு தொடங்கிய போரைத் தளபதி மார்ல்பரோ பார்த்துக்கொண்டார். பணத்தைத் தலைமைப் பொருளாளர் கொடால்ஃபின் பார்த்துக்கொண்டார். காமன்ஸ் சபையை ஹார்லி பார்த்துக்கொண்டார். 1704 மே மாதம் அவர் அரசுச் செயலராகவும் ஆனார். சபாநாயகர் பதவியையும் விடவில்லை. ஒரே ஆள் இரண்டு நாற்காலியில்! கேட்ட கேள்விக்கு நேரடி விடை வேண்டுமென்றால் இதுதான்: ஹார்லியின் உண்மையான தாவல் விக்கிலிருந்து டோரிக்கு இல்லை. நாட்டுப்புறத்திலிருந்து அரசவைக்கு. 'பதவி வாங்கியவன் சபையில் உட்காரக் கூடாது' என்று பத்து ஆண்டு முழங்கியவர், ஆனின் முதல் அரசுகளில் அந்தப் பதவிக்காரர்களின் வாக்குகளையே எண்ணிக் கோர்த்துக் கொடுக்கும் வேலையைச் செய்தார்.

அதை நன்றாகவும் செய்தார். 1704 நவம்பரில் தீவிர டோரிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்டுகள் பதவிக்காக ஆண்டுக்கு ஒருமுறை கோயிலுக்குப் போய் நற்கருணை வாங்கிக்கொண்டு வருவதைத் தடுக்கும் மசோதாவை, போருக்கான நிலவரி மசோதாவோடு ஒட்டிவிட்டார்கள். பிரபுக்கள் அதை நிராகரித்தால் போருக்குப் பணமில்லை. ஹார்லி ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியாகப் பிடித்துப் பேசி, 134-க்கு எதிராக 251 என்ற கணக்கில் அந்த ஒட்டைப் பிய்த்தெறிந்தார். தன் பின்னால் வந்த டோரிக் கூட்டத்தையே இரண்டாகப் பிளந்தார் என்றும் சொல்லலாம்.

அரசாங்கம் பத்திரிகைக்காரனை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் ஒழுங்காகப் புரிந்துகொண்ட அமைச்சரும் இவர்தான். எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1703-ல் ஒரு கிண்டல் பிரசுரத்துக்காகக் கழுத்தும் கையும் மரச்சட்டத்தில் பூட்டப்பட்டு மூன்று நாள் தெருவில் நிறுத்தப்பட்டார், பிறகு நியூகேட் சிறையில் கிடந்தார். அவரை வெளியே எடுத்தவர் ஹார்லி. நன்றிக்கடனாக டீஃபோ பத்திரிகை நடத்தினார், ஊர் ஊராகச் சுற்றித் தகவல் சேகரித்தார். 1706-ல் ஸ்காட்லாந்து இணைப்பு விவாதம் நடந்தபோது எடின்பரோவில் தங்கி ரகசிய அறிக்கைகள் அனுப்பினார். பிற்பாடு இன்னொரு எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்டையும் ஹார்லி இதே போல் வளைத்துக்கொண்டார். ஆனால் ஸ்விஃப்டுக்குப் பணம் தேவையில்லை, மரியாதை போதும் என்று கண்டுகொண்டு அதைத் தாராளமாகக் கொடுத்தார்.

1705-க்குப் பிறகு விரிசல். போருக்கு வாக்கு வேண்டுமென்றால் ஜுன்டோவின் ஆட்களை அமைச்சரவையில் சேர்த்தாக வேண்டும் என்று கொடால்ஃபினும் மார்ல்பரோவும் முடிவுக்கு வந்தார்கள். ஹார்லி மறுத்தார். எந்தக் கட்சியிடமும் அரசி கைதியாகக் கூடாது, இரண்டு பக்கத்திலும் உள்ள நிதானமானவர்களை வைத்தே ஆளலாம் என்பது அவர் நிலை. ஆனுக்கு இது தேன்போல் இனித்தது. தன்னை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் வாழ்நாள் பிடிவாதம்.

இங்கே அபிகெய்ல் மாஷம் வருகிறார். அரசியின் படுக்கையறைப் பணிப்பெண். அரசியின் பழைய உயிர்த்தோழியும் மார்ல்பரோவின் மனைவியுமான சாராவுக்கு அத்தை மகள். தந்தை வழியில் ஹார்லிக்கும் உறவு. ஹார்லியின் வெற்றியெல்லாம் இந்தப் பெண்ணின் கிசுகிசுவால் வந்தது என்று சாரா காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பலர் இன்றும் நம்புகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைகூட இல்லை. அபிகெய்ல் கடிதம் கொண்டுபோகலாம், பின்வாசலைத் திறந்துவிடலாம். ஆனால் அரசிக்கு ஏற்கெனவே இருந்த விருப்பத்துக்கு ஹார்லி ஒரு திட்டம் கொடுத்தார் என்பதுதான் விஷயம்.

முதல் முயற்சி படுதோல்வி. 1707 டிசம்பர் கடைசி நாளில் ஹார்லியின் அலுவலக எழுத்தர் வில்லியம் கிரெக் கைதானார். அரசாங்கக் கடிதங்களின் நகலைப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தார். போர்க்கால ரகசியங்கள் எழுத்தர்கள் கைபடும் இடத்தில் கிடந்தன என்பது அமைச்சருக்கு அழகல்ல. இதே வாரங்களில் ஹார்லி, கொடால்ஃபினை நீக்கிவிட்டு இருதரப்பு மிதவாதிகளின் அரசு அமைக்க அரசியோடு பேசிக்கொண்டிருந்தார். தளபதியும் பொருளாளரும் அவரோடு இனி வேலை செய்ய முடியாது என்றார்கள். 1708 பிப்ரவரி 8 அன்று அமைச்சரவை அவர்கள் இல்லாமலே கூடியது. ஹார்லி காகிதங்களை எடுத்துப் பேசத் தொடங்கினார். தளபதியும் பொருளாளரும் இல்லாமல் நாம் என்னத்தைப் பேசுவது என்று சாமர்செட் கோமகன் கேட்டார். மற்றவர்கள் மௌனம். கூட்டம் கலைந்தது. மூன்று நாளில் ஹார்லி பதவி விலகினார், அவரோடு ஹென்றி செயின்ட் ஜானும் ஹார்கோர்ட்டும் போனார்கள். செயின்ட் ஜான் விட்டுப்போன போர்த்துறைச் செயலர் பதவியில் ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். அவர் பெயர் ராபர்ட் வால்போல்.

கிரெக்கை ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். ஹார்லிக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்னால் உயிர் தப்பலாம் என்ற வாய்ப்பு அவர் முன்னால் இருந்தது. சொல்லவில்லை. ஹார்லி குற்றமற்றவர் என்று எழுதிவைத்துவிட்டுச் செத்தார். எழுத்தர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் இந்தப் பதில் இந்தப் பத்தியோடு முடிந்திருக்கும்.

அடுத்த இரண்டு ஆண்டு நாடு ஹார்லியின் பக்கம் தானாகவே வந்தது. நிலவரி பவுண்டுக்கு நாலு ஷில்லிங், அதாவது வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. விளைச்சல் மோசம். 1709 செப்டம்பரில் மால்பிளாகே போரில் ரத்தம் ஆறாக ஓடியது, சமாதானம் மட்டும் வரவில்லை. அதற்கு மேல், விக் அரசு சேஷெவரல் என்ற பாதிரியார்மீது, திருச்சபை சேராதோரைத் தாக்கிய ஒரு பிரசங்கத்துக்காக நாடாளுமன்ற விசாரணை நடத்தி அவரைத் தியாகி ஆக்கியது. 1710 மார்ச் முதல் தேதி இரவு லண்டன் கும்பல் திருச்சபை சேராதோரின் வழிபாட்டுக் கூடங்களை உடைத்துத் தீ வைத்தது. அந்த மக்களின் பள்ளியில் படித்து வளர்ந்த ஹார்லிக்கு, அந்தக் கும்பலின் கோபம்தான் பதவிக்குப் படிக்கட்டு. இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அரசு ஒரே நாளில் கவிழவில்லை. ஹார்லி அதைச் செங்கல் செங்கலாக உருவினார். ஏப்ரலில் ஷ்ரூஸ்பரி கோமகன் உள்ளே வந்தார். ஜூனில் விக் அமைச்சர் சண்டர்லாந்து வெளியே போனார். இங்கிலாந்து வங்கியின் இயக்குநர்கள் அரசியிடமே போய், அமைச்சரவையை மாற்றினால் அரசுக் கடன் நம்பிக்கை கெடும் என்று எச்சரித்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று கொடால்ஃபினுக்கு அரசியிடமிருந்து ஒரு கடிதம்: பதவிக்கோலை நேரில் கொண்டுவந்து தர வேண்டாம், உடைத்துவிடலாம். எட்டு ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதான். இரண்டு நாளில் ஹார்லி நிதியமைச்சர்.

இந்த இடத்தில் ஹார்லி என்ன விரும்பினார் என்பதைக் கவனியுங்கள். வால்போல் உட்படச் சில விக்குகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக மறுத்துவிட்டார்கள். அக்டோபர் தேர்தலில் டோரிகள் பெருவெள்ளமாக வந்தார்கள். சிறிய பெரும்பான்மை கிடைத்திருந்தால் எல்லாரையும் சரிக்கட்டி நடுவழியில் போயிருப்பார். பெரிய பெரும்பான்மை அவரைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போயிற்று. சுமார் 150 கிராமத்து டோரிகள் அக்டோபர் கிளப் என்று சேர்ந்துகொண்டு, வலுவான அக்டோபர் பீரைக் குடித்துவிட்டு, பழைய அமைச்சர்களைப் பழிவாங்கு என்று தினமும் நெருக்கினார்கள். ஹார்லி தலைவர், ஆனால் தொண்டர்கள் கேட்டது அவர் தர விரும்பாததை. இதை முதலில் மோப்பம் பிடித்தவர் செயின்ட் ஜான். இளைஞர், பேச்சில் தீ, பொறுமை கிடையாது.

அப்போதுதான் அந்தக் கத்திக்குத்து. அன்டுவான் த கிஸ்கார் என்ற பிரெஞ்சு அகதி இங்கிலாந்திடம் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தவர். தொகை குறைந்ததும் பிரான்சுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி மாட்டிக்கொண்டார். 1711 மார்ச் 8 அன்று அமைச்சர்கள் குழு அவரை விசாரித்துக்கொண்டிருந்தபோது, பேனா சீவும் கத்தியை எடுத்து ஹார்லியின் மார்பில் குத்தினார். அன்று அரசி அரியணை ஏறிய நாள். விழாவுக்காக ஹார்லி ஜரிகை வேலை செய்த கனத்த மேற்சட்டை போட்டிருந்தார். கத்தி எலும்பில் பட்டு உடைந்தது. இரண்டாவது குத்து முறிந்த கத்தியால். செயின்ட் ஜானும் மற்றவர்களும் வாளை உருவிக் கிஸ்காரைத் தாக்கினார்கள். சில நாளில் அவர் நியூகேட் சிறையில் இறந்தார். ஹார்லி பதறாமல் உட்கார்ந்திருந்தார் என்று அங்கிருந்தவர்கள் வியந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டிருந்த சபை ஒரே நாளில் அவரைக் கொண்டாடியது. மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் பட்டம், அடுத்த வாரம் தலைமைப் பொருளாளர் பதவி.

ஆனால் அவர் படுக்கையில் கிடந்த வாரங்களில் செயின்ட் ஜான் தன் கியூபெக் படையெடுப்புத் திட்டத்தை நகர்த்திவிட்டார். தளபதி, அபிகெய்லின் சகோதரர். கப்பல்கள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுமுகத்தில் பாறையில் மோதி நாசமாகின. இருவருக்கும் இடையில் அதன்பின் நம்பிக்கை திரும்பவில்லை.

பணப் பிரச்சினையில் ஹார்லி நில வங்கிப் பாடத்தை மறக்கவில்லை. முந்தைய அரசு கப்பல்படைக்கும் தரைப்படைக்கும் வைத்துவிட்டுப் போன, எந்த வரியும் ஒதுக்கப்படாத கடன் சுமார் 95 லட்சம் பவுண்டு. கடன் சீட்டுகள் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. சீட்டு வைத்திருப்பவர்கள் அவற்றைக் கொடுத்துவிட்டுப் புதிய நிறுவனத்தில் பங்கு வாங்கிக்கொள்ளலாம், அரசு நிறுவனத்துக்கு 6 சதவீத வட்டி தரும் என்று ஏற்பாடு. அதுதான் தென்கடல் நிறுவனம். முதல் தலைவர் ஹார்லியே. நிலத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தவர், இந்த முறை பணக்காரர்களின் விளையாட்டை அவர்கள் விதிப்படியே ஆடினார். லாட்டரியும் நடத்தினார். 1711-ல் முதல் லாட்டரி 15 லட்சம் பவுண்டு கொண்டுவந்தது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு: தென்கடல் நிறுவனத்துக்குப் பின்னால் கிடைத்த பெரிய வணிக உரிமை, ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 4,800 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்கும் உரிமை. 30 ஆண்டு ஒப்பந்தம். ஹார்லியின் நிதிச் சாதனை என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். 1720-ல் வெடித்த பங்குக் குமிழிக்கு அவர் பொறுப்பில்லை. அது அவர் போனபின் வந்தவர்களின் கைவண்ணம்.

சமாதானக் கதை நீளமானது, சுருக்கிவிடுகிறேன். கூட்டாளிகளான டச்சுக்காரர்களுக்கும் ஆஸ்திரியாவுக்கும் சொல்லாமல், கோத்தியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகப் பிரான்சோடு பேச்சு. 1711 இலையுதிர் காலத்தில் முன் ஒப்பந்தம். டிசம்பர் 7 அன்று பிரபுக்கள் சபை அதற்கு எதிராக வாக்களித்தது. ஹார்லி என்ன செய்தார்? மார்ல்பரோவைப் பதவியிலிருந்து நீக்கச் செய்தார். புத்தாண்டை ஒட்டி, அரசியைக் கொண்டு ஒரே மூச்சில் பன்னிரண்டு புதிய பிரபுக்களை உருவாக்கினார். அபிகெய்லின் கணவர் ஒருவர், ஹார்லியின் மருமகன் ஒருவர், ஷில்டன் பள்ளித் தோழர் தாமஸ் ட்ரெவர் ஒருவர். நீங்கள் தனித்தனியாக வாக்களிப்பீர்களா, இல்லை ஜூரிகளைப் போலத் தலைவர் ஒருவர் மூலமாகவா என்று வார்ட்டன் கிண்டலடித்தார். அரசரின் அதிகாரத்தைக் கட்டிப்போடப் பத்தாண்டு போராடிய அதே ஹார்லி! 1713 வசந்தத்தில் யுட்ரெக்ட் உடன்படிக்கை கையெழுத்தானது. ஜிப்ரால்டர், மினோர்கா, நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து எல்லாம் பிரிட்டனுக்கு.

அதன்பின் சரிவு வேகம். செயின்ட் ஜானுக்கு ஏர்ல் பட்டம் எதிர்பார்ப்பு, கிடைத்ததோ ஒரு படி கீழே, போலிங்புரோக் வைகவுண்ட். அந்தக் காயம் ஆறவில்லை. 1713 நவம்பரில் ஹார்லியின் அருமை மகள் எலிசபெத் இறந்தார். ஏற்கெனவே குடிப்பழக்கம் உண்டு, அது கூடியது. அலுவலகம் வராத நாட்கள் கூடின. அரசியின் உடல்நிலையோ மோசமாகிக்கொண்டே போனது. அடுத்து ஹனோவரா, பிரான்சின் பாதுகாப்பில் வளர்ந்த கத்தோலிக்க ஸ்டுவர்ட்டா என்று நாடே பதறியது. ஹார்லி ஹனோவருக்கு விசுவாசம் எழுதினார், ஸ்டுவர்ட் தரப்புக்கும் நம்பிக்கை வார்த்தை அனுப்பினார். யாருக்கும் முழுப்பதில் சொல்லாமல் காலம் கடத்துவது அவர் இருபது ஆண்டுக் கலை. 1714-ல் அது எல்லாரையும் எதிரியாக்கியது.

போலிங்புரோக் குறிபார்த்து அடித்தார். திருச்சபை சேராதோர் பள்ளி நடத்துவதைத் தடுக்கும் சட்டத்தை ஜூனில் நிறைவேற்றினார். எதிர்த்தால் டோரிகள் ஹார்லியை விட்டுப் போவார்கள், ஆதரித்தால் தன் வேரையே வெட்டியவர் ஆவார். ஹார்லி இரண்டும் செய்யாமல் நழுவினார். ஜூலை 27 அன்று அரசி அவரைப் பதவி நீக்கினார். அரசி சொன்ன காரணங்களை ஹார்லியின் நண்பர் எராஸ்மஸ் லூயிஸ் அன்றே ஸ்விஃப்டுக்குக் கடிதத்தில் எழுதினார்: வேலையைக் கவனிப்பதில்லை, பேசினால் புரிவதில்லை, புரிந்தாலும் உண்மையென்று நம்ப முடிவதில்லை, சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, வந்தால் பலமுறை குடித்துவிட்டு வருகிறார், கடைசியாக மரியாதையும் இல்லை. ஐந்தாவது நாள், ஆகஸ்ட் 1, ஆன் இறந்தார். பள்ளிகளை மூடும் சட்டம் அமலுக்கு வர வேண்டிய நாளும் அதுதான். அது நடைமுறைக்கே வரவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. புதிய அரசர் முதலாம் ஜார்ஜ், ஹனோவரின் ஆட்சியாளராக அந்தப் போரில் பிரிட்டனின் கூட்டாளி. தன்னைக் கேட்காமல் பிரான்சோடு சமாதானம் பேசியவர்களை அவர் மன்னிக்கவில்லை. 1715-ல் விசாரணைக்குழுத் தலைவர் வால்போல். அவரையே 1712-ல் ஊழல் குற்றம் சாட்டி டோரிகள் கோபுரத்தில் அடைத்திருந்தார்கள், கணக்கைத் தீர்க்க நேரம் வந்தது. போலிங்புரோக் மாறுவேடத்தில் பிரான்சுக்கு ஓடிவிட்டார். ஹார்லி ஓடவில்லை. தேசத்துரோகக் குற்றச்சாட்டைச் சபையில் உட்கார்ந்தே கேட்டார். ஜூலையில் கோபுரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அங்கேயே கிடந்தார்.

1717 கோடையில் வழக்கு வந்தபோது விக்குகளே பிளவுபட்டிருந்தார்கள். வால்போல் பதவியை விட்டு எதிர்வரிசைக்குப் போயிருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் கூடினார்கள். தேசத்துரோகக் குற்றங்களை முதலில் விசாரித்து முடிக்க வேண்டும், சில்லறைக் குற்றங்கள் அப்புறம் என்று ஒருவர் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார். தேசத்துரோகத்தை நிரூபிப்பது கடினம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் ஷில்டன் பள்ளியில் கூடப் படித்த சைமன் ஹார்கோர்ட், இப்போது பிரபு. தீர்மானம் நிறைவேறியது. வழக்கை எப்படி நடத்துவது என்று பிரபுக்கள் எங்களுக்குச் சொல்லித் தரக் கூடாது என்று காமன்ஸ் முறைத்துக்கொண்டது. ஜூலை 1 அன்று குற்றம்சாட்டும் தரப்பு வரவே இல்லை. 1701-ல் சாமர்ஸ் விடுதலையானது எப்படியோ அப்படியே, எதிர் நாற்காலி காலியாக இருந்ததால், ஹார்லியும் விடுதலையாகி வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பின் ஏழு ஆண்டு இருந்தார். பிரபுக்கள் சபைக்கு எப்போதாவது போனார். மீதி நேரம் கையெழுத்துப் பிரதிகளோடு. 1721 வாக்கில் அவர் நூலகத்தில் சுமார் 6,000 கையெழுத்துத் தொகுதிகளும் 14,000 பட்டயங்களும் இருந்தன. ஹம்ஃப்ரி வான்லி என்ற நூலகர் அவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். ஹார்லி 1724 மே 21 அன்று இறந்தார். மகன் எட்வர்ட் சேர்த்ததையும் கூட்டி, 1753-ல் அரசு அந்தக் கையெழுத்துத் தொகுப்பை 10,000 பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டிஷ் மியூசியத்தின் அடித்தளத் தொகுப்புகளில் அது ஒன்று. லண்டனில் டாக்டர்களுக்குப் பேர்போன ஹார்லி தெருவைப் பார்த்து இவர் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மகனின் பெயர். மகனின் மனைவி வழியில் வந்த நிலத்தில் போட்ட தெரு.